கடையில் காட்டிய வீச்சு

பல்செட்டுக்காரர் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னலோரம் நீள மேஜை. அதன் மேல் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். மனிதர் அதற்கு நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து காபி குடிப்பார்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு தலைவலி. மெழுகுத் துண்டை வாயில் வைத்து "கடிங்க" என்றால் போதும், அதுவரை ஒழுங்காக இருந்த ஆள் தாடையை முன்னால் தள்ளி, கண்ணை உருட்டி, பகையாளியைக் கடிக்கிற மாதிரி கடிப்பார். அந்த அளவில் செட் செய்தால் எப்படிப் பொருந்தும்? "ஐயா, வீட்ல சாப்பிடறப்ப எப்படிக் கடிப்பீங்களோ அப்படிக் கடிங்க. இங்கே யாரும் மார்க் போடப் போறதில்லை" என்று சொல்லிச் சொல்லி இவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையானால் அத்தானோடு கோல்ஃப் ஆடக் கிளம்பிவிடுவார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். கணவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். இருவரும் பிரிந்து, கோர்ட்டில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அக்காவும் தங்கம், அவரும் தங்கம், ஒரே வீட்டில் இருக்கத்தான் முடியவில்லை. அக்காவே சொல்லிவிட்டாள்: "எனக்கும் அவருக்கும்தான் ஒத்துவரலை. நீ உன்பாட்டுக்குப் போய் ஆடிட்டு வா."

அவள் வேண்டாம் என்றிருந்தாலும் இவர் விட்டிருக்க மாட்டார். ஒரு சமயம் நரம்பில் ஏதோ கோளாறு வந்து, கைகால் அசையாமல் ஆஸ்பத்திரியில் மரக்கட்டையாய்க் கிடந்தார். அப்போது இவரைத் தூக்கி உட்கார வைத்து, ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, கழிப்பறைவரை தாங்கிக்கொண்டு போனவர் அத்தான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பெற்ற பிள்ளை செய்திருக்குமா என்பதே சந்தேகம். கை கொஞ்சம் தேறியதும் பழைய கோல்ஃப் மட்டை ஒன்றைக் கையில் கொடுத்து மைதானத்துக்கு இழுத்துப் போனவரும் அவரேதான். அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இவர் நினைக்காத நாளில்லை.

இத்தனை காலமும் அத்தானின் பழைய மட்டைகளோடு ஆடியவருக்கு, சொந்தமாக வாங்கும் ஆசை வந்தது. அத்தான் படித்துப் படித்துச் சொன்னார். பளபளப்பில் மயங்காதே, டிவியில் வருகிற சாம்பியன் வைத்திருப்பது நம் உடம்புக்கு ஆகாது, முழு செட் எதற்கு, உபயோகிப்பதை மட்டும் வாங்கு, உன் உயரத்துக்கு அளவு பார்க்கச் சொல், எல்லாவற்றுக்கும் மேலே அடித்துப் பார்க்காமல் வாங்கிவிடாதே. இவரும் அட்சரம் பிசகாமல் அப்படியே செய்தார்.

கடையின் ஒரு மூலையில் வலை கட்டி, வீச்சின் வேகத்தைக் காட்டும் கருவி வைத்திருந்தார்கள். "வழக்கமா அடிக்கிற மாதிரி அடிங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். அத்தான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வீச்சு. வலை குலுங்கியது. "அடேங்கப்பா" என்றார் அத்தான். அது போதாதா? அடுத்ததை இன்னும் ஓங்கி விட்டார். கருவி என்ன செய்யும், பாவம். இந்த வேகத்துக்கு விறைப்பான தண்டு வைத்த மட்டைதான் சரி என்று அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள்.

மைதானத்துக்குப் போனதும் வண்டவாளம் வெளியே வந்தது. எப்போதும்போல் அடித்தால் பந்து வலப்பக்கம் ஓடி ஒளிந்தது. நேராகப் போக வேண்டுமானால் கடையில் அடித்த மாதிரி உயிரைக் கொடுத்து அடிக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது, மெழுகைக் கடிக்க வருகிறவர்களைத் திட்டுகிறாரே, அதே கூத்தைத்தான் தானும் ஆடியிருக்கிறார் என்று. அதற்குள் முழங்கை போய்விட்டது. மெழுகுக் கத்தியைப் பிடித்தாலே விண்விண்ணென்று தெறித்தது. சொல்ல வெட்கம். பழையபடி கை விழுந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஒரு சனிக்கிழமை "வேலை இருக்கு அத்தான்" என்றார். அடுத்த வாரம் விருந்தாளி என்றார். அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை.

அத்தான் அறைக்கே வந்துவிட்டார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"உங்கக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்லையே அத்தான்."

"சொல்லியிருந்தாலும் தப்பில்லப்பா. உறவுதான் அறுந்து போச்சே, எனக்காக நீ இன்னும் எத்தனை நாளைக்கு வருவே? வரலைன்னு நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதறிப்போய் நாற்காலியை இழுக்கப் போனவர் "அம்மா" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அத்தான் கிட்டே வந்து இவர் கையைப் பிடித்தார். சட்டைக் கையைச் சுருட்டி, எலும்பை ஒட்டி மெல்ல அமுக்கிப் பார்த்தார். இவர் துடித்தார்.

"இது பழைய வியாதி இல்லடா. புது மட்டையோட வேலை. மட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

கடையில் அதே வலை, அதே பெண். இந்தத் தடவை இவர் நோகாமல், எப்போதும் அடிக்கிற மாதிரி இரண்டு மூன்று பந்தை அடித்தார். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "சார், அன்னிக்கு வந்தது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, இளக்கமான தண்டு எடுத்துவர உள்ளே போனாள்.

"அன்னிக்கு ஏன்டா அப்படி வீசினே?" என்றார் அத்தான்.

இவர் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க பக்கத்துல நின்னீங்களே அத்தான். என்னைக் குழந்தை மாதிரி தூக்கி வச்சிருந்த ஆளு நீங்க. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது? நீங்க தேத்திவிட்ட கை இப்ப எப்படி அடிக்குது பாருங்கன்னு காட்டணும்போல இருந்துச்சு."

அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

"நீ தேறிட்டேன்னு எனக்குத் தெரியாதா? நீ போன் எடுக்காத அன்னிக்கு மைதானம்வரைக்கும் போயிட்டேன்டா. வண்டியை விட்டு இறங்கவே மனசு வரலை. அப்படியே திரும்பிட்டேன்."

"வர்ற சனிக்கிழமை நான் வர்றேன் அத்தான்," என்றார் இவர். "கை ஆறலைன்னாலும் கூட நடந்து வர்றேன்."