காட்டுக்குப் போன நீலப் பை

கூடாரத்தை முதலில் எங்கள் வீட்டு ஹோலில்தான் அடித்துப் பார்த்தோம். அப்போது நாங்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் இருந்தோம். அப்பாவோடு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் வேறு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, தூக்கிக்கொண்டு போகப் பஞ்சிப்பட்டு அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டிருந்தார். வாடகை வீட்டுத் தரையில் முளை அறைய முடியாதென்பதால் அப்பா ஒரு கயிற்றைச் சோபாவின் காலிலும் இன்னொன்றைத் தொலைக்காட்சி மேசையிலும் மூன்றாவதை ஹீற்றரிலும் கட்டினார். நான்காவது கயிற்றை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழமையாக அம்மா குசினிக்குப் போவதென்றால் கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, நாலு மாசம் நாடு நாடா அலைஞ்சு இப்பதான் ஒரு கூரைக்குக் கீழை வந்து சேர்ந்தனாங்கள். திரும்பவும் காட்டுக்கை போய்ப் படுக்கிறதுக்கோ?" என்று அம்மா கேட்டார்.

"வெள்ளைக்காரர் பிள்ளையளோடை போய் வருகினம். எங்கடை பிள்ளையளும் ஒருக்காப் பாக்கட்டுமன்" என்றார் அப்பா.

பிள்ளைகள் என்றால் நானும் தம்பியும். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. ஆனால் அப்பா தனக்கு மூன்று பிள்ளைகள் என்றுதான் பகிடியாகச் சொல்வார். மூன்றாவது, அம்மாவின் நீலப் பை. தோளில் மாட்டும் சாதாரணத் துணிப்பை. அதற்குள் எங்கள் எல்லோருடைய கடதாசிகளும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ்கள், குடிவரவுப் பத்திரங்கள், ஊசி போட்ட அட்டைகள், அம்மா அப்பாவின் கலியாணப் பதிவு, எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்ரிக் உறையில் இருந்தன. அம்மா கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கீழே உடுப்புத் தோய்க்கப் போனாலும் அது தோளில் போகும். ஒருமுறை கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அப்பா வெறும் சாரத்தோடு ஓடினார், அம்மா பையோடு நடந்து இறங்கினார். எதற்கு இதைக் கட்டிச் சுமக்கிறீர்கள் என்று நான் கேட்டால், "கடதாசி இல்லாட்டி நாங்கள் ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார். அதற்குமேல் அவரிடம் கதை கொடுக்க முடியாது.

ஆகவே கோடை விடுமுறையில் ஒரு நீண்ட வார இறுதிக்கு, நகரத்துக்கு வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில் இருந்த மாகாணப் பூங்கா ஒன்றுக்கு நாங்கள் புறப்பட்டபோது எங்கள் வான் வண்டியில் நால்வரும் ஒரு பையும் இருந்தோம். கூடவே மூன்று சட்டி கறி, ஒரு மூட்டை இடியப்பம், அரிசி, தேங்காய்த் துருவல், ரைஸ் குக்கர் எல்லாம் இருந்தன. காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவீர்கள் என்று அப்பா சிரித்தார். போய்ப் பார்த்தால் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பைன் மரத்தடியில் ஒரு கம்பமும் அதில் மின்சாரச் செருகு துளையும் இருந்தன. அப்பா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ரைஸ் குக்கர் மரத்தடியில் மூடியைத் தட்டித் தட்டி ஆவி விட்டது.

அம்மா தன் மனதில் கண்டு பயந்திருந்த காடு அங்கே இல்லை. பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன. ஐஸ்கிறீம் விற்கும் சின்னக் கடை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்டடம் நிறையக் குளியலறைகளும் அதில் நினைத்தபோது வரும் சுடுதண்ணீரும் இருந்தன. அம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கடை வீட்டைவிட வடிவாயிருக்கு" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். கரடி பற்றிய அறிவித்தல் பலகையைப் பார்த்துத் தம்பி அழத் தொடங்கியதைத் தவிர முதல் நாள் மத்தியானம் வரை எல்லாம் நல்லபடியாகப் போனது.

ஆனால் எனக்கு ஊஞ்சலோ கரடியோ முக்கியமில்லை. அங்கே ஓர் ஏரி இருந்தது. அம்மா நீந்துவதை நான் பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா யாழ்ப்பாணத்துக் காரைநகரில், கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதில் மாமாவும் அவரும் ஆள் மாறி ஆள் தண்ணீருக்குள் மூச்சடக்குவார்களாம். ஒருவர் மூழ்க மற்றவர் கரையில் நின்று எண்ணுவார். அறுபது வரைக்கும் தன்னால் இருக்க முடியும் என்று எனக்குத் தலை வாரி இழுக்கும்போது ஒருநாள் சொல்லியிருந்தார். மாமா என்பது அம்மாவின் ஒரே தம்பி. எனக்கு அவரைப் படத்தில்தான் தெரியும். மாமா எங்கே என்று கேட்டால், "வருவான்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். என் தம்பியோ, அம்மாக்களுக்கு நீந்தத் தெரியாது என்று ஒரே பிடியாக நின்றான். அவனுக்குத் தெரிந்த அம்மா அடுப்படியிலும் தையல் மெசினிலும் இருப்பவர்தானே. எனக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் பின்னேரம் நாங்கள் ஏரிக்குப் போனோம். அப்பா கணுக்கால் நனையும் அளவுக்கு இறங்கி, எங்களைக் காப்பாற்றும் பாவனையில் நின்றார். அவருக்கு நீந்தத் தெரியாது. அம்மா கரையில் இருந்த வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, வாங்கோவன்."

"பையை ஆர் பாக்கிறது?"

வானில் வைத்துப் பூட்டலாம் என்றேன். வானையே கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்றார். கூடாரத்துக்குப் பூட்டே இல்லை. அப்பாவிடம் கொடுக்கலாம் என்றேன். சப்வேயில் இரண்டு குடையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் விட்டுவிட்டு வந்த மனிதரிடமா என்று அம்மா கேட்க, அப்பா ஏரியின் மறுகரையைப் பார்த்தார். அம்மா அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆசை இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடையில் நின்றது அந்தப் பை ஒன்றுதான்.

அடுத்த நாள் மத்தியானம் வழி பிறந்தது. அப்பா தம்பியை ஊஞ்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அம்மா தலை முழுகப் போனார். குளியலறைக்குள் தண்ணீர் தெறிக்கும் என்று பையை என் தோளில் மாட்டி, வாசலில் நிறுத்தி, "இதிலை நில். அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் பை என் தோளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிட அது பாரமாக இருந்தது.

எதிரே இருபதடி தள்ளிப் பூங்காவின் அலுவலகம். கண்ணாடிக்கு உள்ளே ஒரு காவலர் இருந்தார். காக்கிச் சட்டை, தோளில் பட்டி, இடுப்பில் வோக்கிடோக்கி, பெரிய சப்பாத்து. அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலுமாரி. காலையில் யாரோ தவறவிட்ட பணப்பையை அவர் அதற்குள் வைத்துப் பூட்டியதை நான் பார்த்திருந்தேன். சீருடை போட்டவர், பூட்டு உள்ள அலுமாரி. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், பயம் வந்தால் சீருடை போட்டவரிடம் போ என்று.

நான் போய், இது மிகவும் முக்கியமான பை, என் அம்மா நீந்தி முடியும் வரைக்கும் வைத்திருக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டி, எனக்கு ஒரு நம்பர் அட்டையும் தந்தார். பின்னேரம் எந்த நேரமும் வந்து எடுக்கலாம் என்றார்.

அம்மா வீட்டுக் கவுனான சோட்டியோடும் தலையில் சுற்றிய துவாயோடும் வெளியே வந்தபோது நான் வெறுந்தோளோடு, சிரித்துக்கொண்டு நின்றேன்.

"பை எங்கை?"

"பத்திரமா இருக்கு அம்மா. அங்கை யூனிபோம் போட்ட ஒராளிட்டைக் குடுத்திட்டன். உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டார். பின்னேரம் வந்து எடுக்கலாமாம். இனி நீங்கள் நீந்தலாம்."

என்னைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றும் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அம்மா இரண்டையும் செய்யவில்லை. ஓடினார்.

அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. பேருந்து புறப்படும்போதுகூட வேகமாக நடப்பாரே தவிர ஓடமாட்டார். அன்று வெறுங்காலோடு சரளைக் கல்லின்மேல் ஓடினார். தலைத் துவாய் அவிழ்ந்து விழுந்தது. சோட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். சைக்கிளில் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருவர் நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. துவாயைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கடையில் புளித்த பாலைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவின் குரல் மூன்று வரிசைக்குக் கேட்கும். ஆனால் அலுவலகத்துக்குள் அம்மா அந்த மேசையிலிருந்து இரண்டடி தள்ளி, கைகளை முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிலத்தைப் பார்த்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "சேர். பிளீஸ் சேர். மை பேப்பர்ஸ் சேர்" என்றார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. அம்மாவுக்குள் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. காவலர் பதறிப்போய் அலுமாரியைத் திறந்து பையை நீட்டினார். அவருக்கு இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது. ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று என்னைத்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா பையைத் திறந்தார். உறைகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து எண்ணினார். விரல்கள் ஈரமாக இருந்ததால் உறைகள் வழுக்கின.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு" என்றார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். திரும்பவும் அஞ்சு.

"அம்மா, நாங்கள் நாலு பேர்தானே" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "ஓம். பிழையா எண்ணிப்போட்டன்" என்றார். எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஸிப்பை இழுத்தார். ஏச்சு எதுவும் விழவில்லை. நான் நீட்டிய துவாயை வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று வெயில் சாய்வதற்குள், நாங்கள் யாரும் கேட்காமலே அம்மா ஏரிக்கு வந்தார். பையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைக் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அம்மா அதே சோட்டியோடு தண்ணீரில் இறங்கினார். துணி காற்றுப் பிடித்து முதுகில் ஊதிக்கொண்டு வந்தது, தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அம்மா இரண்டு கைகளையும் வீசி நீந்தத் தொடங்கியதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மிதவைக் கயிற்றுக்குக் கிட்டப் போய் அம்மா மூழ்கினார். நான் எண்ணத் தொடங்கினேன். முப்பதில் தம்பி அழத் தயாரானான். அப்பா பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டில் அம்மாவின் தலை வெளியே வந்தது.

"எவ்வளவு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நாப்பத்திரண்டு."

"குறைஞ்சு போச்சு" என்றார். அதற்குப் பிறகும் வெகுநேரம் அவர் கரைக்கு வரவில்லை.

பத்து வருடங்களுக்குப் பிறகு நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுக்குச் சாமான் ஏற்றியபோது அந்தப் பை அம்மாவின் மடியில்தான் வந்தது. அன்று கராஜுக்குள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, பூங்காவில் அம்மா ஓடிய கதையையும் நாலு உறையை ஐந்தாக எண்ணிய கதையையும் நான் சிரிப்பாகச் சொல்ல, அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அஞ்சாவது உறையிலை இருக்கிறது மாமான்ரை பேர்த் சேட்டிபிக்கற்" என்றார். "ஆள் வந்தால் ஸ்பொன்சர் பண்ணக் கடதாசி வேணுமெண்டு வைச்சிருக்கிறா. நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிடுறதுக்கு முதல் வருசம் சந்தியிலை ஆமிக்காரர் மறிச்சு அவன்ரை ஐடென்ரிக் காட்டை வாங்கிப்போட்டாங்கள். பின்னேரம் வந்து எடுக்கச் சொன்னவங்கள். அவன் பயத்திலை போகமாட்டன் எண்டு நிண்டவன். அது இல்லாமல் வெளியிலை திரியேலாது, போய் எடுத்துக்கொண்டு வா எண்டு உன்ரை அம்மாதான் அனுப்பினவ. அண்டைக்குப் போனவன் திரும்பி வரேல்லை."

பின்னேரம் வந்து எடுக்கலாமாம் என்று நான் வாசலில் வெறுந்தோளோடு நின்று சிரித்துக்கொண்டு சொன்ன வசனம் எனக்கு அப்போதுதான் சரியாகக் கேட்டது. அவர்கள் மாமாவுக்குச் சொன்னதையே நானும் சொல்லியிருந்தேன்.

ஆனால் அது பத்து வருடம் கழித்து. அந்த வார இறுதி முடிந்து நாங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது, வானின் பின் இருக்கையில் நான் தம்பிக்குப் பெருமையாக விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன். நான் மட்டும் அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்திராவிட்டால் அம்மா தண்ணீரில் இறங்கியே இருக்க மாட்டார் என்றேன். முன் இருக்கையில் பையை மடியில் வைத்திருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓம், நீதான் இறக்கினது" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.