வகுப்புக்கே அக்கா

லேபிளைத் தலைகீழாக ஒட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது வெள்ளைத்தாயின் வேலை. வழக்கமான லேபிள்களில் மயிலோ கிளியோ சிரிக்கிற குழந்தையோ இருக்கும். தலை எது, கால் எது என்று கண்ணே பார்த்துக்கொள்ளும். அந்தத் தடவை வடக்கேயிருந்து வந்த ஆர்டரில் படமே கிடையாது. சிவப்புத் தாளில் தங்க நிற இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். காலையிலிருந்து சோற்று நேரம் வரை அவள் ஒட்டியதெல்லாம் கவிழ்ந்து போயிருந்தது. போர்மேன் இருளாண்டி ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, கழுத்தைக் கோணலாகச் சாய்த்து வாசிக்கிற மாதிரி செய்து காட்டினார்.

"வடக்க உள்ளவன் தலைகீழா நின்னுதான் வெடி போடுவான்னு நெனச்சியாக்கும்?"

அறையே சிரித்தது. வெள்ளைத்தாயும் சிரித்தாள். சாயங்காலம் கம்பெனி வேனில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த பத்திரகாளியிடம் சொன்னாள்: "எம் மகள இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன் மதினி."

"சேத்துவிடு, சேத்துவிடு. நாளைக்கு ரோசா இங்கிலீசுல தும்முவா. எங்களுக்கு அதுவும் வெளங்காது."

ரோஜா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். அது 2003. அவள் முன்னால் நின்று வாய்ப்பாடு சொல்ல, மற்ற பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பக்கத்துத் தெரு பொன்னுத்தங்கமும் அவளும் ஒரே வகுப்பு. இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு.

சாத்தூர் போகிற சாலையில் புதிதாக வந்திருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் ரோஜாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். ரோஜா தன் அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"அஞ்சாம் வகுப்பு தாங்காதும்மா. மூணாம் வகுப்புல போடலாம். அடித்தளம் உறுதியா இருக்கும்."

அடித்தளம் என்ற சொல் வெள்ளைத்தாய்க்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் நாலு பேரைக் கேட்காமல் செய்கிறவள் இல்லை அவள். புருஷன் முத்துக்கருப்பன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். "ரெண்டு வருசம் பின்னால போறாளே," என்றான்; பிறகு, "ஒனக்கு எப்படித் தோணுதோ செய்யி," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் பலவேசம், "வண்டி ஒங்க வாசலுக்கே வரும்க்கா," என்றான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கற்பகவல்லி டீச்சர் மட்டும் வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"ஏறுன படியிலேருந்து பிள்ளைய எறக்காதீங்க வெள்ளைத்தாயி. அவளுக்கு அது தாங்காது."

பிள்ளைகள் குறைந்தால் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று வெள்ளைத்தாய் கேள்விப்பட்டிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டாள். கடைசியாகக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். நினைத்தபடியே வெள்ளைப் பூ வந்தது.

சாமி வரைக்கும் கேட்டவள் ரோஜாவிடம் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. கம்பெனியில் கிழிந்து போன லேபிள் ஒன்றை வெள்ளைத்தாய் முந்தியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். ரோஜா அதை நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "தூர நின்னு கொளுத்தணும்னு போட்டிருக்கும்மா." மறுநாள் அறை முழுக்க அதே பேச்சு. வளர்த்த ஆடுகளும் காதில் கிடந்ததும் பீசுக்குப் போனது அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நாலாம் வகுப்பில் ஒருநாள் ரோஜா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எங்க வகுப்புல எல்லாரும் என்னய அக்கான்னுதாம்மா கூப்பிடுதாக."

"மரியாத தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைக."

வெள்ளைத்தாய் இதையும் கம்பெனியில் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்த வருடத்திலிருந்துதான் பிள்ளை தோளைக் குறுக்கிக் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தாள். "நிமிந்து நடடி," என்று தாய் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு வெள்ளைத்தாய் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். நக இடுக்கில் ஒட்டியிருந்த பசையைச் செங்கல் வைத்துத் தேய்த்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜிகினா உடுப்பில் வரிசையாக மேடையேறினார்கள். அதில் ரோஜா இல்லை. தேடினாள். மேடைப் படிக்கட்டின் கீழே, வாயில் ஊக்குகளைக் கடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்து, தன் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ரோஜா அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து நாற்காலிகளுக்கு இடையில் கூட்டி வந்தாள். சிறுமியின் அம்மா வெள்ளைத்தாய்க்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். மகளை மடியில் இழுத்துக்கொண்டு, ரோஜாவைக் காட்டிச் சாதாரணமாகக் கேட்டாள்:

"இங்க உள்ள ஆயா மகளா? நல்ல பொறுப்பான பிள்ளை."

ரோஜா எதிரே நின்றாள். தாய் என்ன சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க," என்றாள் வெள்ளைத்தாய்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. வாய் முந்திக்கொண்டது. ரோஜா திரும்பி மேடைப் பக்கம் போய்விட்டாள்.

பஸ்ஸில் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மூடிய கம்பெனிக் கேட்டுகளும் கருவேலங்காடும் போய்க்கொண்டிருந்தன.

"நீ ஏன் ஆடல?"

"வரிசையில நான் மட்டும் பனைமரமாத் தெரியுதேனாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா புள்ள?"

"எல்லாரும் அக்கான்னு கூப்பிடுதாகன்னு சொன்னேனே," என்றாள் ரோஜா. குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கே சொன்னேன்லம்மா."

அந்த ஜூனில் அவளை அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். பொன்னுத்தங்கம் அங்கே எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். தன் மகளையும் அவளோடு உட்கார வைக்கும்படி வெள்ளைத்தாய் தலைமையாசிரியரிடம் கேட்டாள்.

"டி.சி.யில அஞ்சாம் வகுப்புன்னுல்லம்மா இருக்கு. ஆறுலதான் சேக்க முடியும்."

"நாலு அப்பவே முடிச்சவ சார்."

"அப்ப ஏம்மா திருப்பி மூணுல கொண்டுபோய் விட்டீக?"

அவளிடம் பதில் இருந்தது. கவிழ்ந்து போன லேபிள் கதையை இவரிடம் எப்படிச் சொல்வது என்று நின்றாள்.

முதல் நாள் கம்பெனி வேனை விட்டுவிட்டுத் தானே ரோஜாவைக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றாள். பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். அவள் கண் தன்னையறியாமல் எட்டாம் வகுப்பு வரிசைக்குத்தான் போனது. பொன்னுத்தங்கம் நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் வேறு யாரோ. ரோஜா ஆறாம் வகுப்பு வரிசையின் கடைசியில், தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற பொடியன் அண்ணாந்து அவளிடம் என்னமோ கேட்டான். ரோஜா குனிந்து அவன் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டாள்.