கருவாடு காய்ந்த கண்ணாடி

காலை 6.40, செங்கல்பட்டு. ரயில் நிலையத்துக்கு வெளியே பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தேன். குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் முழுக்கக் கறுப்புக் கண்ணாடித் தகடுகள், இடையிடையே வைக்கோல். ஓட்டுநர் பாபுவுக்கு முப்பது வயதிருக்கும். மாமல்லபுரம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் இறக்க வேண்டும், கூட ஆள் இல்லை என்றார். எனக்கும் கடல் பக்கம் போக வேண்டும்போல் இருந்தது. இறக்கித் தருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். முப்பது கிலோமீட்டர், செலவில்லை.

“என்ன கண்ணாடி இது?”

“சோலார் அண்ணாத்த. புது மாதிரி, அடுக்கு செல்லு. ஒரே வெயில ரெண்டு தபா புடிக்குமாம். இதெல்லாம் ரிஜெக்ட்டு. மேல் அடுக்கு பூசசொல்லோ புள்ளி வுழுந்துட்டுது, மேல கண்ணாடி போட்டு மூடாமயே தள்ளிட்டானுங்க.”

“அப்ப கம்பெனிதானே அழிக்கணும்?”

“பேப்பர்ல அழிச்சாச்சி. கழிவு எடுக்குற கான்ட்ராக்டர் என்கிட்ட குடுத்தாரு. நல்ல கண்ணாடி, ஒடைக்க மனசு வர்ல.”

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் மூன்று வருடம் பழைய பேட்டரி உடைத்தேன். நல்ல பொருளை ஒருவன் தள்ளிவிடுகிறான் என்றால் அவன் கையைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்றது. ஏற்றிவிட்டவர்கள் கையுறை போட்டிருந்தார்களா என்று கேட்டேன்.

“ஒருத்தன் கையுறை மேல கையுறை, மூஞ்சிக்கு மாஸ்க்கு. ஏசில வேல செய்றவன் அப்டித்தான் சீன் போடுவான்.”

8.10, திருக்கழுக்குன்றம். கண்ணாடி என்பதால் மெதுவாகவே ஓட்டிவந்தவர் நாஸ்தாவுக்கு நிறுத்தினார். நான்கு இட்லி நாற்பது ரூபாய். கை கழுவிவிட்டு வந்து வண்டியில் சாய்ந்தேன். விரல் நுனியிலிருந்து நீர் சொட்டி மேல் தகட்டில் விழுந்தது. கறுப்பு அந்த இடத்தில் மட்டும் மெல்ல மஞ்சளானது. துடைத்தேன். மஞ்சள் விரலோடு வந்தது.

“மஞ்சத்தானே, மங்களம்” என்றார் பாபு. நான் கையை இன்னொரு முறை கழுவினேன்.

9.30, குப்பம். ராணி எங்களுக்காகக் காத்திருந்தார். நெத்திலி வாங்கிக் காயவைத்து விற்பவர். போன வாரம் பாபு கொண்டுவந்த பன்னிரண்டு தகடுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. மேலே உப்பு நீரில் அலசிய நெத்திலி, வெள்ளி வெள்ளியாக.

“மணல்ல போட்டா மண்ணு ஒட்டுது, தார்ப்பாய்னா காசு குடுத்து வாங்கணும். இதுல போட்டா மத்தியானத்துக்குள்ள சருகு. கறுப்பு இல்லியா, நல்லா சுடும்” என்றார்.

இறக்கி முடிக்கப் பதினொன்றாகிவிட்டது. பசி. ராணி பழைய சோறும் நெத்திலிக் கருவாடு வறுவலும் கொடுத்தார். தின்றேன். வாசலில் அவர் மகள் கலையும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தவள், ஏழு மாதம். சோற்றைவிடக் கருவாட்டையே அதிகம் எடுத்தாள்.

காய்ந்த மீனை ராணி வாரியபோதுதான் நான் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியில் மஞ்சள் மஞ்சளாக மீன்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு நெத்திலியும் கிடந்த இடத்தில் அதன் அளவுக்கே, வால் உட்பட.

“கான்ட்ராக்டர் வேற ஏதாவது சொன்னாரா?” என்று பாபுவிடம் கேட்டேன்.

“ஈயம் கலந்துகீது, வாயில வெக்காதன்னாரு. கண்ணாடிய எவன் வாயில வெப்பான்?”

ராணி சிரித்தார். “ஈயமா? எங்க வலை முழுக்க ஈயக் குண்டுதான். அதுல வந்த மீனத்தானே துன்னுகினு கீறோம்.”

“அந்தக் குண்டு இப்படிக் கரையாதும்மா.” சொம்புத் தண்ணீரைப் புதுத் தகடு ஒன்றில் ஊற்றினேன். மஞ்சள் பரவியது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தார்ப்பாய் விக்கிறவன் அனுப்சானா ஒன்ன?”

அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கீழுதட்டை மடித்து ஈறைக் காட்டினேன். பல்லை ஒட்டி ஒரு நீலக் கோடு. “பேட்டரி ஷெட்டுல வந்தது. ஈயம்னு டாக்டர் சொன்னார். விட்டு ஒரு வருஷமாச்சு, இன்னும் முழுசாப் போகல. என்கூட வேல செஞ்ச பொண்ணுக்கு ரெண்டு தடவ கரு தங்கல. அதுக்கு இதுதான் காரணம்னு யாரும் எழுதிக் கொடுக்கல.”

ராணி குனிந்து என் வாய்க்குள் நன்றாகப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் மகள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார். “இன்னாம்மா, துன்னுகினு கீறேன் இல்ல?” என்றாள் கலை. ஒரு வாரக் கருவாடு மூன்று கூடை. மூன்றையும் அவரே இழுத்துப்போய், அலை எட்டாத இடத்தில் குழி வெட்டிக் கொட்டினார். நாய் தோண்டாமலிருக்க மேலே கல் வைத்தார். நாளை வியாபாரி வரும்போது கொடுக்க ஒன்றுமில்லை.

“எல்லாத்தையும் எடுத்துகினு போ” என்றார் பாபுவிடம்.

“எங்கக்கா போறது?”

“எங்கயாவது. கலையை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும், வழிய வுடு.”

பழையது புதியது எல்லாவற்றையும், கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு, ஏற்றிக் கொடுத்தேன். நல்ல கண்ணாடியாச்சே என்று பாபு முனகிக்கொண்டே இருந்தார்.

மாலை 4.15. பாபு என்னை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டார்; அங்கே கோவளம் பேருந்து பிடித்தேன். விடுதிக் கூரைகளில் எல்லாம் சோலார் பலகைகள் பளபளத்தன. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை; நீர் புகாமல் மூடி ஒட்டி மேலே ஏறிவிட்டவை. பலகை ஆகாமல் போனவை எங்கே என்று அந்தக் கூரைக்காரர் யாரும் கேட்டிருக்க மாட்டார். எங்கள் ஷெட்டில் உடைந்த பேட்டரியையும் யாரும் கேட்டதில்லை. அங்கே புகையாவது தெரியும்.

அரை மணி நேரத்தில் பாபுவின் வண்டி எங்களைத் தாண்டிப் போய், அடுத்த குப்பத்துக்கு இறங்கும் மண்பாதையில் திரும்பியது. காலையில் திறந்து கிடந்த சரக்கின் மேல் இப்போது தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தப் பாதை முனையில் பேருந்து நிற்குமுன் நான் இறங்கிவிட்டேன்.