வல்லத்திராக்கோட்டையில் ஏறிய மாணவர்

ஐம்பதுகளின் கடைசியில், எனக்கு இருபத்திரண்டு வயது நடந்தபோது, புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிக லேப்பில் வேலை கிடைத்தது. மாணவர்கள் செய்யும் சோதனைகளைப் பக்கத்தில் நின்று கவனிப்பது, அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக் கையெழுத்துப் போடுவது, வாரத்தில் மூன்று மணி நேரம் வகுப்பெடுப்பது, இவ்வளவுதான் வேலை. வீடு ஆலங்குடியில். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

அதே பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் ஏறுவார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், கல்யாணமானவர். ஐந்து வருடம் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு, வேலையை விட்டுப் படிக்க வந்திருந்தார். எங்கள் பி.எஸ்ஸி. வகுப்பு மாணவர். முதல் நாள் பஸ்ஸில் நான் யாரென்று தெரியாமல் பேச்சுக் கொடுத்தார். நானும் "அண்ணே" என்று பேசிவிட்டேன். லேப் வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு பஸ்ஸில் "தம்பி", கல்லூரிக்குள் "சார்" என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு தானாகவே வந்துவிட்டது.

கூட்டமில்லாத நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் அவித்துக் கட்டிக்கொடுத்த கடலையைப் பிரிப்பார். அவர் பேசினால் நேரம் போவது தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்த கூத்து, மழை பெய்தால் கூரை ஒழுகும் மூலைகளை விட்டுவிட்டு வகுப்பை நகர்த்தி நகர்த்தி உட்கார வைத்தது, எல்லாம் சொல்வார். புதுக்கோட்டையில் எனக்கு வேறு சிநேகிதர் கிடையாது. அவரோடு வரும் அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே காலையில் சீக்கிரம் கிளம்புவேன்.

அவருடைய முதல் ரெக்கார்டைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அளவுகள் எல்லாம் அச்சடித்த மாதிரி சரியாக இருந்தன. லேப்பில் எடுத்த அளவுகள் அப்படி இருக்காது. யாரோ போன வருடத்து மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தார். பேனாவைத் திறந்தேன். பாவம், இத்தனை வயதில் குடும்பத்தை வைத்துக்கொண்டு படிக்கிற மனுஷன் என்று நினைத்தேன். நாளைக் காலையில் பஸ்ஸில் எப்படிப் பேசுவது என்றும் நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். அடுத்த சோதனைக்கும் அப்படியே.

மூன்றாவது, ஒரு லென்ஸின் குவியத் தூரம் கண்டுபிடிக்கும் சோதனை. அவர் இருபது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார். வருடா வருடம் எல்லா நோட்டிலும் இருந்த விடை அதுதான். ஆனால் அந்தப் பழைய லென்ஸ் கோடை விடுமுறையில் கீழே விழுந்து உடைந்துபோய், புது லென்ஸ் வந்திருந்தது. அதன் குவியத் தூரம் பதினைந்து. லேப்பில் இல்லாத ஒரு லென்ஸை அவர் அளந்திருந்தார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். அந்தச் சூட்டில், பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். மறுநாள் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "இது நீங்க செஞ்ச சோதனை இல்ல. மறுபடி செய்யுங்க" என்று நோட்டைக் கொடுத்தேன். அவர் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பஸ்ஸில் ஏறினால் முன்பக்கம் போய் நின்றுகொள்வார். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் போன பிறகு லேப்புக்கு வந்தார். "லென்ஸக் குடுங்க சார்" என்றார். கொடுத்தேன். உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டார். எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அதுவரை லேப்பில் ஒரு சாமானையும் தொட்டதே இல்லை. பையன்கள் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒடச்சிருவமோன்னு பயமா இருக்கு" என்றார். "நான் மொதல்ல பாடஞ்சொல்லிக் குடுத்த பிள்ளைகளுக்கு இப்ப ஏறக்கொறைய இந்தப் பயலுக வயசு இருக்கும். அவங்க முன்னாடி தடுமாறி நிக்கிறதுக்கு, பாத்து எழுதிரலாம்னு தோணிப்போச்சு."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே" என்றேன். கல்லூரிக்குள் முதல் தடவையாக "அண்ணே" வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். "அது கூட வலிக்கல தம்பி. மொத நோட்டப் பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்க. இவனுக்கு இம்புட்டுத்தான் வரும்னு விட்டுட்டீங்க. அதுதான் வலிச்சுச்சு."

இரக்கம் என்று நான் நினைத்திருந்தது அவருக்கு எப்படிப் பட்டிருக்கிறது! "ஓரத்துல பிடிங்க. ஜன்னலுக்கு நேரா காட்டி, பின்னால ஒரு வெள்ளைக் காகிதத்த வச்சு நகத்துங்க" என்று மட்டும் சொன்னேன். வெளியே இருந்த வேப்பமரம் காகிதத்தில் தலைகீழாக வந்து விழுந்தது. இலைகள் காற்றில் அசைவதுகூடத் தெரிந்தது. "அட!" என்றார். அடுத்த ஒரு மணி நேரம் என்னை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினைந்தே கால், பதினாலே முக்கால், பதினைந்து என்று கோணல்மாணலாக அளவுகள் வந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அதற்கப்புறம் அவர் என்னை விடவில்லை. வகுப்பில் நான் இங்கிலீஷில் மளமளவென்று சொல்லிக்கொண்டு போனால் எழுந்து நிற்பார். "சார், புரியல." முதல் தடவை எனக்குக் காது சிவந்துவிட்டது. பழி வாங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன். தமிழில் சொன்னேன். "இப்பவும் புரியல சார்." வகுப்பே சிரித்தது. மூன்றாவது தடவை சொல்ல முயன்றபோதுதான், அந்த இடம் எனக்கே சரியாகப் புரியவில்லை என்று தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று நிறுத்தினேன். அன்று ராத்திரி உண்மையாகவே படித்தேன். அவரைப் பார்த்து மற்ற பையன்களும் கேட்க ஆரம்பித்தார்கள். வகுப்புக்குப் போகவே எனக்குக் கொஞ்சம் பயமாகவும், போகாவிட்டால் வெறுமையாகவும் இருந்த நாட்கள் அவை.

கடைசி வருடப் பரீட்சையில் அவருக்கு, ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பைக் கணக்கிடும் சோதனை வந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர் விடையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, தொள்ளாயிரத்து எண்பது வரணுமே. தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு போட்டிருக்கே?" என்றார். நான் எட்ட நின்றிருந்தேன், பேசக் கூடாது.

"எனக்கு இதுதான் சார் வந்துச்சு. மாத்தி எழுத மாட்டேன். எங்கயோ அளந்ததுல தப்பு. இன்னொரு தடவ பாக்க விடுங்க."

பரீட்சைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார். ஊசல் நூலை, அதில் தொங்கும் குண்டின் மேல்பக்கம் வரைக்கும்தான் அளந்திருந்தார். குண்டின் நடு வரைக்கும் அளந்திருக்க வேண்டும். தப்பைத் தானே கண்டுபிடித்து, "இந்தா இருக்கு சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைப் பையன் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்துவிட்டான்.

பாஸ் செய்தார். பிறகு விராலிமலைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராகப் போய்விட்டார். அவர் படித்து முடிக்கும்வரை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம்தான். ஆனால் அந்தப் பழைய கவலையில்லாத பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. ஒருவரை ஒருவர் லேசில் விட்டுவிட மாட்டோம் என்கிற எண்ணம் இருவருக்கும் இருந்தது. பழையது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வந்ததை இழக்கவும் மனம் வராது.

ஒரு பொங்கல் விடுமுறையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். நலம் விசாரித்த கையோடு, "தம்பி, விடை தெரியாம முழிக்கிற பிள்ளைக்கு நாமளே சொல்லிரணும். எம்புட்டு நேரந்தான் தவிக்க விடுறது?" என்றார். கூடாது என்றேன் நான். அவருடைய பஸ் கிளம்பும்வரை சண்டை போட்டோம். படியில் நின்றுகொண்டு, "நீங்க சொல்றது தப்பு தம்பி, காயிதம் போடுறேன்" என்று கத்தினார். கண்டக்டர் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.