பாறையும் முகமும் ஒரே படத்தில்: வெள்ளிமலையில் ஒரு காலை

ஆயுத பூஜை விடுமுறைக்கு என் வீட்டுக்கு வரவோ, நான் போய் இறங்கவோ யாரும் இல்லை. கேமராவோடு கள்ளக்குறிச்சியில் அறை எடுத்தேன். அங்கிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அரை நாள் கார் வாடகை 1,800 ரூபாய். விடியுமுன் கிளம்பினோம். ஓட்டுநர் ஏழுமலைக்கு ஒரே சந்தேகம்.

"மலைய எடுக்க மலைமேல இன்னாத்துக்கு ஏறணும் மேடம்? எங்க வூட்டாண்டேர்ந்தே தெரியுதே."

சிரித்துவிட்டு லென்ஸைத் துடைத்தேன்.

வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் கதிர் முற்றிய சாமைக் கொல்லை, பின்னால் தனியாக ஒரு மொட்டைப் பாறை. பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸ் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடியது. மேனுவலுக்கு மாற்றிப் பாறையைத் தெளிவாக்கினேன். அப்போது கொல்லைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார்; பெயர் மல்லிகா. தன்னைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நிலம் இருவருக்கும் பொது. கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலையில் இருக்கும் அக்கா, நிலம் தரிசாகக் கிடப்பதாக யாரோ சொன்னதை நம்பித் தன் பங்கை விற்கப் போகிறாராம்.

முதல் படத்தில் பாறை தெளிவு, முகம் மங்கல். முகத்தைத் தேடிப் பிடிக்கும் வசதியை இயக்கினேன். முகம் தெளிந்தது, பாறை கரைந்துவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. மல்லிகா உதட்டைப் பிதுக்கினார்.

"பாறை தெரியலன்னா, யாரு கொல்லையிலயோ நின்னுக்கினு எடுத்ததுன்னு அக்கா சொல்லும். மூஞ்சி தெரியலன்னா, நா வெதச்சதுன்னு நம்பாதுங்க."

லென்ஸை 35 மி.மீ.க்குக் கொண்டுவந்து, அப்பெர்ச்சரை எஃப் 11 ஆக்கி, அவருக்குச் சற்றுப் பின்னால் இருந்த கதிரில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வைத்தேன். மூன்றும் தெளிவாக விழுந்தன. அதற்குள் நான் தேடி வந்த வெளிச்சம் போய்விட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிமலைக் கடைத்தெருவில்தான் சிக்னல் கிடைத்தது. மல்லிகா தந்த அக்காவின் எண்ணுக்கு அனுப்பினேன்; என் எண்ணை அவரும் வாங்கியிருந்தார். அன்று எடுத்தவற்றில் யாருக்காவது அனுப்ப வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு: ட்ரைபாட் அவசியம். பனியில் ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். நிலக்காட்சிக்கு இந்த மோடுதான் என்று ஒரே விடை சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். எது தெளிவாகத் தெரிய வேண்டும், யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மாலையில் மல்லிகா கடைத்தெருவிலிருந்து அழைத்தார்.

"அக்கா பேசுச்சுங்க. கொல்லையப் பத்தி ஒண்ணுமே கேக்கல. ஏன்டி இப்பிடி எளச்சிப் போயிட்டன்னு அழுதுச்சு. பொங்கலுக்கு வந்து பாத்துட்டுதான் எதுவும் பண்ணுமாம்."