உதிரிப்பாகச் செயலாளரின் கார்

கண்டியில் பழைய மொரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. தலைவர், உபதலைவர், போஷகர் எல்லோரும் உண்டு. வேலை செய்யவும் ஓர் ஆள் உண்டு. உதிரிப்பாகச் செயலாளர் சந்திரகுமார். மாநகரசபையில் கிளார்க்.

இங்கிலாந்துக்கு எழுதிப் பாகங்களை வரவழைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. கப்பலில் வர மாதக்கணக்காகும். அங்கத்தவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குக் கார் ஓடியாக வேண்டும். மனுஷன் உடனே ஸ்பானரை எடுத்துத் தன் காரில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். கப்பலில் வருவது இன்னொருவர் அவசரத்துக்குப் போய்விடும். "கழகம்னா ஒருத்தருக்கு ஒருத்தர் உதவுறதுதானே" என்பார். கொடுக்கிற ஒருத்தர் எப்போதும் தானே என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மகள் நிரோஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தன் காரிலேயே அவளைக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அதுதான் ஆசை. கழகக் கூட்டத்தில், தான் கழற்றிக் கொடுத்திருந்த கார்புரேட்டரை மெல்லத் திருப்பிக் கேட்டும் பார்த்தார். அவர் சேவையைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றினார்கள், கார்புரேட்டர் வரவில்லை.

"எதுக்குக் கவலை? பொண்ணு என் கார்ல வரட்டும்" என்றார் தலைவர் மோகனராஜ், பெருந்தன்மையோடு. அந்தக் காரில் பாதி தங்கள் காரிலிருந்து போனது என்பதைச் சந்திரகுமாரின் மனைவி சீதா கூட்டத்தில் சொல்லவில்லை. வீட்டில் சொன்னாள், நன்றாகவே சொன்னாள்.

கல்யாணத்தன்று மணப்பெண்ணையும் பெற்றோரையும் ஏற்றிவந்த தலைவரின் கார் பேராதனை வீதியில் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு விழுந்திருந்தது.

"உங்க கார்ல அது இன்னும் இருக்குல்ல?" என்றார் மோகனராஜ்.

சீதா த்ரீவீலரை நிறுத்தி மகளை ஏற்றினாள். "முகூர்த்தம் நெருங்குது. நீங்களும் ஏறுங்க."

"நீங்க போங்க, பின்னாலேயே வந்துர்றேன். தலைவரை நடுரோட்டுல விட்டுட்டு எப்படி வர்றது?"

வீட்டுக்கு ஓடி, மூடியைக் கழற்றி வந்து மாட்டி, காரைக் கிளப்பி, கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா அழகமுத்து நின்று தாரைவார்த்துக் கொடுத்திருந்தார். நிரோஷினி கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

வேட்டியெல்லாம் கிரீஸோடு வந்து நின்றவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கார் ஓடுதாப்பா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்க அவளுக்குப் பழகிப்போன கேள்வி அதுதான். பதில் சொல்ல வாயெடுத்த சந்திரகுமார் அழுதுவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்த தலைவர், அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.