செவலையும் கண்ணுக்குள் வைக்கும் கண்ணாடியும்

கண்ணாடிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். களை வெட்டக் குனிந்தால் மூக்கிலிருந்து நழுவும். மாடு தலையை ஆட்டினால் எகிறிப் பாறையில் விழும். உடைந்தால் மலையிலிருந்து புளியஞ்சோலைக்கு நடந்து இறங்கி, துறையூர் போய்த்தான் மாற்ற வேண்டும். அதனால் ஒரு காதுப் பக்கம் கம்பி போன பிறகு நூலைக் கட்டியே காலத்தை ஓட்டினேன்.

மெட்ராஸில் ஆபீஸ் வேலை பார்த்த என் தம்பி சாமை அறுப்புக்கு வந்தபோது அவன் முகத்தில் கண்ணாடியைக் காணோம். கண்ணுக்குள்ளேயே வைக்கிற சின்ன வில்லையாம், காண்டாக்ட் லென்ஸாம். நாலு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கியிருந்தான்.

“மாமா, அக்காளுக்கும் இதயே வாங்கிருங்க. கண்ணாடிக்கு வருசா வருசம் தண்டம் அழுவறீங்க. இது ஒருக்கா வாங்குனா ஆயுசுக்கும் வரும். கணக்குப் பாத்தா இதுதானுங்க மலிவு,” என்று என் வீட்டுக்காரரைக் கரைத்தான்.

அவரும் மயங்கிவிட்டார். “செவலய வித்துப்போடலாம் புள்ள,” என்றார்.

செவலை, தாய் செத்த பிறகு நான் கஞ்சி ஊற்றி வளர்த்த கிடேரி. சினையாக வேறு இருந்தது. ஆனால் நூல் கட்டின கண்ணாடியோடு வெளியே போகக் கூச்சப்பட்டதும் நிஜம். தலையாட்டிவிட்டேன். செம்மேட்டுச் சந்தைக்கு அதை ஓட்டிப்போவதென்று முடிவாயிற்று.

சந்தைக்கு முந்தின நாள் களத்தில் சாமை தூற்றினோம். காற்று திரும்பி, பதர் தம்பி முகத்தில் அடித்தது. கண்ணைக் கசக்கினான். ஒரு வில்லை தெறித்துவிட்டது. குவியலில் விழுந்ததா, பதரோடு போனதா, ஆண்டவனுக்கே வெளிச்சம். எரிச்சல் தாங்காமல் இன்னொன்றையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். மூன்று பேரும் மண்டிபோட்டுத் தேடினோம். தொலைத்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா, உன்ற கண்ணாடியக் கொஞ்சம் குடு,” என்றான்.

நூல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை சாமையைத் துழாவினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வில்லை கிடைக்கவே இல்லை.

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏனுங்க மாப்ளே, ஆயுசுக்கும் வருமுன்னீங்க. ஒரு சாமை அறுப்புக்கே வரலீங்களே,” என்றார்.

மறுநாள் அவர் வெறுங்கையோடுதான் சந்தைக்குப் போனார். தம்பி என் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினான். செவலை கன்று போட்டதும், செம்மேட்டு டீக்கடைக்குப் பால் ஊற்றிச் சேர்த்த காசில் துறையூரில் புதுக் கண்ணாடி வாங்கினேன். இரண்டு காதுக்கும் கம்பி இருந்தது. வீடு வந்ததும் கொட்டகைக்குப் போய், முதலில் செவலையின் முகத்தைத்தான் நன்றாகப் பார்த்தேன்.